ஃபிளமெங்கோ கிதாரில் பக்கவாத்தியம்: தாளம், கார்ட், வெளியூர்க்காரர்

ஃபிளமெங்கோ என்றதும் வெளிநாட்டு ரசிகருக்கு முதலில் நினைவுக்கு வருவது விரல்கள் மின்னல் வேகத்தில் ஓடும் தனிக் கிதார் கச்சேரிதான். அந்த இசை உருவாகி வளர்ந்த தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் நிலைமை வேறு. அங்கே பாட்டைக் கான்தே என்றும், ஆட்டத்தைப் பைலே என்றும், கிதார் வாசிப்பைத் தோக்கே என்றும் சொல்கிறார்கள். மூன்றில் மூத்தது பாட்டு. தொனா, மார்த்தினேத்தே போன்ற பழைய பாட்டு வகைகளுக்குக் கிதாரே கிடையாது, வெறுங்குரல்தான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செவில், ஹெரெஸ், காதிஸ் முதலிய நகரங்களில் குடித்துக்கொண்டே பாட்டுக் கேட்கும் ‘கஃபே கான்தான்தே’ அரங்குகள் பெருகியபோதுதான், பாடகருக்குப் பக்கத்தில் கிதாருக்கு நிலையான இடம் கிடைத்தது. தனிக் கச்சேரிகள் உலகப் புகழ் பெற்றுவிட்ட இன்றைக்கும், ஒருவர் தேறிய கிதார் கலைஞரா என்பதை உள்ளூர் ரசிகர்கள் அவர் பாட்டுக்கு எப்படி வாசிக்கிறார் என்பதை வைத்தே எடைபோடுகிறார்கள்.

பக்கவாத்தியமாக வாசிக்க இரண்டு விஷயங்களில் தேர்ச்சி வேண்டும்: தாளம், கார்ட். அந்தலூசியாவில் பிறக்காத ஒருவரை அங்கே ஏற்றுக்கொள்வார்களா என்ற மூன்றாவது கேள்வியும் உண்டு. அதற்கான விடையின் பெரும்பகுதி முதல் இரண்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே தாளத்திலிருந்து தொடங்குகிறேன்.

தாளச் சுற்றுக்கு அங்கே கொம்பாஸ் என்று பெயர். சொலெயா, அலெக்ரியாஸ், புலெரியா ஆகிய மூன்று முக்கிய வகைகளும் 12 அடிச் சுற்றில் அமைந்தவை. 1 முதல் 12 வரை சீராக எண்ணிக்கொண்டே, 3, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் மட்டும் கை தட்டிப் பாருங்கள். முதல் இரண்டு தட்டுகளுக்கு மூன்று மூன்று அடிகள் காத்திருக்க வேண்டும். அடுத்த மூன்று தட்டுகள் இரண்டிரண்டு அடிகளில் வந்துவிடும். மெதுவாகத் தொடங்கிச் சட்டென்று நெருங்கிவரும் இந்த 3+3+2+2+2 என்ற கணக்குதான் ஃபிளமெங்கோ கேட்பவரை நாற்காலியின் நுனிக்கு இழுத்துவருகிறது.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது இங்கே ஓரிடத்தில் ஏமாறும். ஆவர்த்தனம் முடிந்து மறுபடி சமத்திலோ எடுப்பிலோ வந்து விழுவதைத்தான் நாம் முடிவாக உணர்கிறோம். சொலெயாவில் இசை வாக்கியம் 10-ஆம் அடியிலேயே முடிந்துவிடுகிறது. 11, 12 ஆகிய அடிகள் கிதாருக்கான சிறு இடைவெளி. அடுத்த சுற்றின் 1-ஆம் அடி பெரும்பாலும் அழுத்தம் இல்லாமல் சாதாரணமாகக் கடந்துபோகிறது. ஆகையால், முதல் அடியை ஓங்கி அடித்துத் தன் இடத்தை உறுதி செய்துகொள்ள நினைக்கும் புதியவர் தொடக்கத்திலேயே அந்நியராகத் தெரிந்துவிடுகிறார். ‘ஓலே’ என்ற பாராட்டும் அப்படித்தான்: ஒரு வாக்கியம் அழகாகப் பத்தில் வந்து அமரும்போது சபை தானாகச் சொல்லும் சொல் அது. வேறிடத்தில் வாய்விட்டுக் கத்தும் சுற்றுலாப் பயணியை எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

இதே 12 அடிகளை வேறோர் இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் வேறு வகை பிறக்கிறது. எட்டாவது அடியிலிருந்து தொடங்கி, 8, 10, 12, 3, 6 என்று தட்டிக்கொண்டு போனால், குட்டை, குட்டை, நெட்டை, நெட்டை, குட்டை என 2+2+3+3+2 ஆக அடிகள் விழும். இதுதான் செகிரியா: சாவு, சிறை, தாயை இழத்தல் ஆகியவற்றைப் பாடும் மிகக் கனமான வகை. இசைக்கலைஞர்கள் இதைப் பன்னிரண்டாக எண்ணுவதில்லை, நீளம் சமமில்லாத ஐந்து அடிகளாகவே எண்ணுகிறார்கள். பன்னிரண்டாவது அடியிலிருந்து தொடங்கினால் கியூபாவின் சாயல் கொண்ட குவாஹிராவும், பெத்தெனெராவும் வருகின்றன. தாங்கோஸ் போன்ற நான்கடி வகைகள் நம் காதுக்கு எளியவை. அவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை.

புலெரியாவில் இந்த 12 அடிகள் சுமார் மூன்று வினாடிகளில் ஓடி முடிந்துவிடும். அந்த வேகத்தில் யாரும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. சுற்றிலும் இருப்பவர்கள் பால்மாஸ் எனப்படும் கைத்தட்டலைப் போடுகிறார்கள். ஒருவர் அடியில் தட்ட, இன்னொருவர் அடிகளுக்கு நடுவில் தட்டுகிறார். கிதார் கலைஞரின் கால் தரையில் ஒரு கணக்கைத் தட்டிக்கொண்டிருக்க, வலக்கை விரல்கள் விசிறி போல விரிந்து எல்லாக் கம்பிகளையும் உரசும் ரஸ்கேயாதோவில் வேறொரு கணக்கை நிரப்புகின்றன. இடையிடையே கிதாரின் மேற்பலகையை நகத்தால் ‘டொக்’ என்று தட்டுவதும் தாளத்தின் பகுதியே. அந்தத் தட்டைத் தாங்குவதற்காகவே ஃபிளமெங்கோ கிதாரில் ஒரு மெல்லிய தகடு ஒட்டப்பட்டிருக்கும். புலெரியாவின் தாயகமான ஹெரெஸில் சாந்தியாகோ, சான் மிகேல் ஆகிய பழைய பேட்டைகளில் வளரும் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே இந்தத் தட்டலையும் பழகிக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து வருபவர் அதையே வளர்ந்த பிறகு, பாடமாகக் கற்க வேண்டியிருக்கிறது. இதில் குறுக்கு வழி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

தாளம் கட்டாயம், ஆனால் அது அளவெடுத்துக் கொடுக்கப்பட்ட சட்டம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பாடகர் எத்தனை சுற்றுகள் கழித்துத் தொடங்குவார், ஒரு வரியை ஒரு சுற்றில் முடிப்பாரா, இரண்டில் முடிப்பாரா, எந்த வரியைத் திருப்பிப் பாடுவார் என்பதெல்லாம் முன்கூட்டி முடிவு செய்யப்படுவதில்லை. ஃபால்ஸெத்தா எனப்படும் மெட்டுத் துணுக்குகளைக் கிதார் கலைஞர் பாட்டுக்கு முன்னும் இரண்டு பாட்டுகளுக்கு நடுவிலும் வாசிக்கலாம். பாடகர் மூச்சை இழுத்த மறுகணம், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், பத்தாவது அடியில் அதை முடித்து ஒதுங்கிவிட வேண்டும். நான் கேட்டவரையில், வெளிநாட்டு மாணவர்களின் பொதுவான பலவீனம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நூறு ஃபால்ஸெத்தாக்களை மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒரு சொலெயாப் பாட்டின் சொற்களையாவது முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது கார்ட். பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் இந்த முறை திரைப்பாட்டின் வழியாக நமக்குப் பழக்கமானதுதான்; ஆனால் திரைப்பாட்டில் நாம் கேட்கும் மேஜர், மைனர் என்ற இரண்டு பாதைகளிலும் அடங்காமல் ஃபிளமெங்கோவின் பெரும்பகுதி மூன்றாவதாக ஒரு பாதையில் நடக்கிறது. மேற்கத்திய முறையில் ஃபிரிஜியன் எனப்படும் சுர வரிசை அது. சுரத்தானங்களை மட்டும் பார்த்தால் நம் ஹனுமத்தோடியேதான். ஆனால் மெட்டு வீடு திரும்பி, அதாவது முடிவாக, வந்து நிற்கும் கார்டில் காந்தாரம் அந்தர காந்தாரமாக உயர்ந்துவிடுகிறது; அப்போது சுரத்தானங்கள் வகுளாபரணத்துக்கு மாறிவிடுகின்றன. மெட்டு இவ்விரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கிறது. கமகம், பிரயோகம் எதுவும் ஒன்றல்ல என்பதால், ஒப்பீட்டை இந்த அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தப் பாதையின் அடையாளம் நான்கு கார்ட்கள் கொண்ட ஓர் இறக்கம்: ஏ மைனர், ஜி, எஃப், இ. மேற்கத்திய இசை படித்தவர் இதைக் கேட்டால், இ மேஜரோடு நிற்பது பாதியில் நிற்பதாகவும், ஏ மைனருக்குத் திரும்பினால்தான் கதை முடியும் என்றும் நினைப்பார். ஃபிளமெங்கோவில் இ மேஜர்தான் வீடு, எஃப் அதன் வாசற்படி. அந்த அரைச்சுர இறக்கத்தில்தான் முடிவு இருக்கிறது. பழக்கத்தால் ஏ மைனரைத் தட்டி முடித்துவைக்கும் புதியவர், பாடகர் வைத்த முற்றுப்புள்ளியை அழித்துவிடுகிறார்.

கிதாரில் இந்த வீட்டுக்கு இரண்டு முக்கிய இடங்கள் உண்டு. இ கார்டை வீடாகக் கொள்வதை ‘போர் அர்ரீபா’ என்றும், ஏ கார்டை வீடாகக் கொண்டு டி மைனர், சி, பி ஃபிளாட், ஏ என்று இறங்குவதை ‘போர் மெதியோ’ என்றும் சொல்வார்கள். சொலெயா பெரும்பாலும் முதலாவதிலும், செகிரியாவும் புலெரியாவும் பெரும்பாலும் இரண்டாவதிலும் வாசிக்கப்படுகின்றன. பாடகரின் குரலுக்கேற்பச் சுருதியை மாற்ற, கைவடிவத்தை மாற்றுவதில்லை. கிதாரின் கழுத்தில் ‘ஸெஹீயா’ என்ற கேப்போவை, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் அழுத்தும் பிடியை, மாட்டுகிறார்கள். பாடகர் “நான்கில், போர் மெதியோ” என்று சொன்னால், கழுத்தின் நான்காவது கட்டத்தில் (ஃபிரெட்) கேப்போ, ஏ வடிவத்தில் கை, காதில் விழுவது சி ஷார்ப். மேடை ஏறும் முன் இந்த ஒரு வாக்கியமே போதும். ஒத்திகை பல நேரங்களில் அவ்வளவுதான்.

கைவடிவத்தை மாற்றாமல் இருப்பதற்கு வசதி மட்டும் காரணமல்ல. எஃப் கார்டைப் பிடிக்கும்போது மேல் கம்பிகளை அழுத்தாமல் திறந்தே விட்டால், வீட்டின் சுரங்கள் அந்த வாசற்படிக் கார்டுக்குள் கலந்து ஒலிக்கும். சற்றே உரசலான அந்த ஒலிதான் ஃபிளமெங்கோவின் நிறம். லெவந்தே பகுதியின் சுரங்கத் தொழிலாளர் பாட்டான தாரந்தாவில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். அங்கே வீடு எஃப் ஷார்ப். அந்தக் கார்டின் மேல் ஜி, பி, இ ஆகிய மூன்று திறந்த கம்பிகள் அப்படியே ஒலிக்க விடப்படுகின்றன. பாடப்புத்தகப்படி அவற்றில் இரண்டு அந்தக் கார்டோடு மோதுகிற சுரங்கள். அழுத்திச் சுத்தம் செய்துவிட்டால் தாரந்தா போய்விடும்.

ஃபான்டாங்கோ என்ற பாட்டு வகையை ஒருமுறை கூர்ந்து கேட்டால் பக்கவாத்தியக்காரரின் வேலை முழுதும் புரிந்துவிடும். கிதார் முன்னுரையை இ ஃபிரிஜியனில் வாசிக்கிறது. பாடகர் வாய் திறந்ததும் மெட்டு சி மேஜருக்குத் தாவுகிறது. பாட்டு ஆறு வரிகளாகப் பாடப்படும். முதல் வரி சி-யில் நிற்கும், இரண்டாவது எஃப்-இல், மூன்றாவது மறுபடி சி-யில், நான்காவது ஜி-யில், ஐந்தாவது சி-யில். ஆறாவது வரி எஃப்-க்கு வந்து, அங்கிருந்து அரைச்சுரம் சரிந்து இ-யில் வீடு சேரும். ஐந்து வரிகள் வெளிச்சத்தில் உலாவிவிட்டுக் கடைசி வரியில் திரும்பி வருகிற அந்தச் சரிவுக்காகவே ரசிகர்கள் காத்திருப்பார்கள். வெல்வா மாகாணத்து ஃபான்டாங்கோவில் இதெல்லாம் தாளத்தோடு நடக்கும். தாளமில்லாத தனிவகை ஃபான்டாங்கோவில் பாடகர் ஒரு சொல்லை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டலாம். கிதார் கலைஞர் கையைக் கம்பியின் மேல் வைத்துக் காத்திருந்து, குரல் நிற்கும் இடத்தை உறுதி செய்துகொண்டு, அந்தக் கார்டைக் கொடுக்கிறார். அரை வினாடி முந்தினால் பாடகரைத் தள்ளியதாகும், பிந்தினால் கைவிட்டதாகும்.

சொலெயாவிலும் இதே கவனம் தேவை. மூன்றாவது அடியில் எஃப், பத்தாவது அடியில் இ என்பது அடிப்படை. பாட்டின் நடுவே பல பாடகர்கள் மெட்டைச் சி மேஜர் பக்கம் திருப்புவார்கள். அந்தத் திருப்பத்துக்கு முன்னால் ஜி ஏழாம் கார்டைக் கொடுத்து வழியைத் திறந்துவைக்க வேண்டும். எந்த வரியில் திருப்புவார்கள் என்பது எந்த ஊர்ச் சொலெயா என்பதைப் பொறுத்தது: திரியானா, அல்கலா, உத்ரேரா என்று ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி மெட்டுகள் உண்டு. ஆகவே கார்ட் அறிவு என்பது இங்கே பாட்டுகளின் நினைவுதான். கிதார் கலைஞர் மெல்சோர் தெ மார்செனா (1907–1980), பாடகர்களான மனோலோ கராகோலுக்கும் அந்தோனியோ மைரேனாவுக்கும் வாசித்த பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். கட்டைவிரலில் சில சுரங்கள், நீண்ட மௌனங்கள்; ஆனால் ஒவ்வொரு கார்டும் பாடகருக்குத் தேவைப்பட்ட அதே கணத்தில் வந்து நிற்கும்.

இனி வெளியூர்க்காரர் விஷயம். இங்கே ‘வெளி’ என்பதற்குப் பல வேலிகள் உண்டு. ஐரோப்பாவுக்கு இந்தியாவின் வடமேற்கிலிருந்து இடம்பெயர்ந்து, 15-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினை அடைந்த ரோமா மக்களை அங்கே ஹிதானோ என்கிறார்கள். அவர்களுக்கு மற்றவர்கள் ‘பாயோ’. ஹெரெஸ்காரருக்குச் செவில்காரர் வெளியூர். அந்தலூசியருக்கு மாட்ரிட்காரர் வெளியார். இத்தனைக்கும் பிறகுதான் அமெரிக்கரும் ஜப்பானியரும் வருகிறார்கள். ஃபிளமெங்கோ ஹிதானோக்களின் குடும்பச் சொத்து என்ற கருத்துக்கு 1960-களில் அந்தோனியோ மைரேனாவின் எழுத்தும் பாட்டும் பெரும் வலு சேர்த்தன. நூற்றாண்டுக்கணக்கில் துரத்தப்பட்ட ஒரு சமூகம், தன் வீட்டுக்குள் காப்பாற்றிய பாட்டின்மேல் உரிமை கோருவதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், 19-ஆம் நூற்றாண்டில் செகிரியாவின் பேராசானாகப் போற்றப்பட்டுச் செவிலில் தம் சொந்தக் கஃபேயை நடத்திய பாடகர் சில்வேரியோ ஃபிராங்கொனேத்தி இத்தாலியத் தந்தைக்குப் பிறந்த பாயோ என்பதும் வரலாறுதான்.

கிதாரில் இதைவிடத் தெளிவான சான்று பாக்கோ தெ லூசியா (1947–2014). அல்ஹெசீராஸில் பிறந்த அவர் பாயோ; தாய் போர்த்துக்கீசியர். 1969 முதல் 1977 வரை அவர் ஹிதானோ பாடகரான கமரோன் தெ லா இஸ்லாவோடு சேர்ந்து பதிவு செய்த இசைத்தட்டுகள், இன்றைய பக்கவாத்தியத்துக்கே இலக்கணமாகிவிட்டன. அவற்றில் கிதார் புதிய கார்ட்களைத் துணிந்து போடுகிறது, ஆனால் கமரோனின் ஒரு மூச்சைக்கூட மிதிப்பதில்லை. பெரு நாட்டின் கறுப்பின மக்களுடைய கஹோன் என்ற பெட்டி மேளத்தை 1970-களின் பிற்பகுதியில் ஃபிளமெங்கோவுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. கொம்பாஸுக்குப் பொருந்தியதால் அந்தப் பெட்டி சில ஆண்டுகளிலேயே உள்ளூர் வாத்தியமாகிவிட்டது. இப்போது அது இல்லாத மேடையைப் பார்ப்பது அரிது.

வெளிநாட்டவர் கதையில் மொரோன் தெ லா ஃபிரொன்தெரா என்ற சிற்றூருக்குத் தனியிடம் உண்டு. அங்கே வாழ்ந்த கிதார் கலைஞர் தியேகோ தெல் கஸ்தோர் (1908–1973) ஊரைவிட்டு அதிகம் வெளியே போகாதவர், இசைத்தட்டு வியாபாரத்தில் அக்கறை காட்டாதவர். 1960-களில் அமெரிக்க இளைஞர்கள் பலர் அவரைத் தேடிவந்தார்கள். டான் போரன் என்ற அமெரிக்கர் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டை நடத்தி, வந்தவர்களை இரவு முழுதும் நடக்கும் பாட்டுக் கூட்டங்களில் உட்கார வைத்தார். அவர்கள் எடுத்துவைத்த டேப்கள் பல இன்று தியேகோவின் வாசிப்புக்கு முக்கியச் சாட்சிகளாக இருக்கின்றன. வந்தவர்கள் எல்லோரும் பக்கவாத்தியக்காரர்கள் ஆகிவிடவில்லை. ஆனவர்கள், கிதாரை உறையிலேயே வைத்துவிட்டுப் பல இரவுகள் பாட்டை மட்டும் கேட்டவர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது வழிகள் கூடியிருக்கின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் இசைக் கல்லூரியில் 1985-இல் கிதார் கலைஞர் பாக்கோ பேன்யாவின் தலைமையில் ஃபிளமெங்கோ கிதார் பட்டப்படிப்பு தொடங்கியது. செவிலில் கிறிஸ்தீனா ஹீரன் என்ற அமெரிக்கப் பெண்மணி நிறுவிய பள்ளியில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வாசிப்பதையே பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். ஆனாலும் வெளிநாட்டுக் கிதார்காரர் பலருக்கு உண்மையான நுழைவாயில் நடன வகுப்புதான். மாட்ரிட், செவில் நகரங்களின் நடனப் பள்ளிகளில் மணிக்கணக்கில் ஒரே சொலெயாவின் காலடிப் பகுதிக்கு வாசிக்க ஆள் தேவைப்படுகிறது. வேகம் ஏறும்போது நடுங்காமல், ஆடுபவர் ‘யமாதா’ எனப்படும் காலடிச் சைகையைக் கொடுத்ததும் புரிந்துகொண்டு, பத்தில் அவரோடு சேர்ந்து நிற்பவரை மறுநாளும் கூப்பிடுவார்கள். அவர் எந்த நாட்டுக்காரர் என்ற பேச்சு அந்த அறையில் அதிகம் எழுவதில்லை.

மேடையின் நடுவிலோ எழுகிறது. முர்சியா வட்டாரத்தின் லா உனியோன் ஊரில் நடக்கும் கான்தே தெ லாஸ் மினாஸ் விழா, இத்துறையின் பெரிய போட்டி. 2024 ஆகஸ்டில் அதன் நடனப் பரிசை, செவிலில் நெடுங்காலமாக வாழும் ஜப்பானியரான ஜுன்கோ ஹகிவாரா வென்றார். அந்தப் பரிசு பெற்ற முதல் வெளிநாட்டவர் அவர். முடிவு அறிவிக்கப்பட்டதும் அரங்கின் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவருடைய ஆட்டம் பிடிக்காதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். ஆனால் பிறப்பை ஒரு தகுதியாகப் பார்க்கும் பழக்கம் ஒழிந்துவிட்டது என்று சொல்ல அந்த இரவு இடம் தரவில்லை. பக்கவாத்தியக்காரர் மேடையின் ஓரத்தில் அமர்ந்திருப்பதாலும், நல்ல பக்கவாத்தியத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு இருப்பதாலும், அவருக்கு இந்த எதிர்ப்பு குறைவாகவே வருகிறது. பாடகருக்கு மிகக் கடுமையாக வருகிறது, ஏனெனில் அங்கே அந்தலூசிய உச்சரிப்பும் சேர்ந்தே சோதிக்கப்படுகிறது. கிதார் கற்க விரும்பும் வெளியூர்க்காரர் அந்த உச்சரிப்பைப் பேசத் தேவையில்லை. ஆனால் வரி எங்கே முடியப்போகிறது என்று தெரியும் அளவுக்காவது அது காதில் பழகியிருக்க வேண்டும்.